பலகையிடம் மூன்று கேள்விகள்

(ஜொகூர் பாருவில் தமிழ் இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கார்த்திகை பிறந்தால் நம் வீடுகளில் சிலர் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். அதே மாதத்தில் காரின் கூரைமேல் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு டெசாருவுக்குக் கிளம்பும் பிள்ளைகளும் இப்போது நம் தெருக்களில் இருக்கிறார்கள். மலைக்குப் போனவர் பிரசாதத்தோடு திரும்புகிறார். அலைக்குப் போனவர் பலகையில் ஓர் ஓட்டையோடு திரும்புகிறார். அந்த ஓட்டையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஓட்டை விழுந்ததும் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். மேலே டேப்பை ஒட்டிவிட்டு மறுநாளும் தண்ணீரில் இறங்குவார்கள். இல்லாவிட்டால் ஹார்ட்வேர் கடைக்கு ஓடி, கையில் கிடைத்த பசையை வாங்கி அன்றைக்கே அடைத்துவிடுவார்கள். இரண்டுமே பலகையைக் கெடுக்கும். ஒட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பலகையிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நீ எதனால் ஆனாய்? உனக்குள் ஈரம் இருக்கிறதா? அடிபட்ட இடம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துகொண்டால் மிச்ச வேலை ஒரு சனி, ஞாயிறில் முடியும். தெரிந்துகொள்ளாதவர் எவ்வளவு விலை கொடுத்துப் பசை வாங்கினாலும், அடுத்த பருவத்தில் புதுப் பலகைக்குக் காசு தேட வேண்டியிருக்கும்.

முதலில் நம் கடலைப் பற்றி இரண்டு வார்த்தை. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையைச் சுமத்ரா தீவு மறைத்து நிற்கிறது. அந்தப் பக்கம் நல்ல அலைக்கு வழியில்லை. கிழக்குக் கரை தென்சீனக் கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது அந்தக் கடலிலிருந்து அலை வருகிறது. பகாங்கில் செராத்திங், நம் ஜொகூரில் கோத்தா திங்கி மாவட்டத்து டெசாரு, அதை ஒட்டிய தஞ்சோங் பாலாவ் ஆகிய இடங்களில் பலகைக்காரர்கள் கூடுவது அப்போதுதான். 2011இல் செனாய்–டெசாரு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்த பிறகு, ஜொகூர் பாருவில் விடியுமுன் புறப்பட்டு, அலையேறிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட முடிகிறது. சிங்கப்பூரிலிருந்தும் பலர் வருகிறார்கள்.

ஆக, பருவம் ஐந்து மாதம். மீதி ஏழு மாதம் பலகை வீட்டில் கிடக்கிறது. கடலில் வாங்கும் அடிக்குக் கொஞ்சமும் குறையாத அடியை அது வீட்டிலும் சாலையிலும் வாங்குகிறது. காரின்மேல் பட்டையை இழுத்து இறுக்குகிறோம், ஓரம் நசுங்குகிறது. சுவரில் சாய்த்து வைக்கிறோம், காற்றில் சரிந்து டைல்ஸ் தரையில் மூக்கு இடிக்கிறது. வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் பசியாறப் போகிறோம். உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தொடும்போது பலகையின் தோலும் உள்ளே இருக்கும் ஃபோமும் ஒன்றை விட்டு ஒன்று பிரிகின்றன. கடலில் நடப்பது வேறு வகை. டெசாரு மணல் தரை. அலை கரையோரத்தில் மடிந்து விழும்போது மூக்கு மணலில் குத்தும், பலகைக்கு அடியிலுள்ள துடுப்பு ஆடும். பாறையுள்ள இடங்களில் விழுந்தால் வால் பிளக்கும். கூட்டம் அதிகமான நாளில் பக்கத்தில் இருப்பவரின் துடுப்பே நம் பலகையைக் கிழித்துவிடும்.

இனி முதல் கேள்வி: நீ எதனால் ஆனாய்?

அந்தக் காலத்து ஹவாய்த் தீவுகளில் பலகையை மரத்தால் செய்தார்கள். மரத்தில் விரிசல் விழுந்தால் என்ன செய்வது என்று எந்தத் தச்சருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழையும் பிளாஸ்டிக் ரெசினும் படகுத் துறைக்கு வந்தன. பலகைக்காரர்களும் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். 1958 வாக்கில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கார்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் ஃபோமை அச்சில் வார்த்துப் பலகைக்கு உடலாக்கினார்கள். பின்னாளில் கிளார்க் நடத்திய கிளார்க் ஃபோம் நிறுவனம் இந்தத் தொழிலுக்கே ஃபோம் கொடுக்கும் கிடங்குபோல ஆனது. 2005 டிசம்பர் 5ஆம் தேதி அவர் திடீரென்று கதவைச் சாத்தியபோது பலகை செய்வோர் கதிகலங்கிப் போனார்கள். மாற்று தேடினார்கள். தெர்மாகோல் உடலும் எபாக்சித் தோலும் கொண்ட பலகைகள் அதற்குப் பிறகு வேகமாகப் பரவின.

அந்த வரலாற்றின் விளைவு உங்கள் வீட்டு முன்வாசலில் நிற்கிறது. இன்று கைக்கு வரும் பலகை பெரும்பாலும் இரண்டு வகை. பாலியூரித்தேன் ஃபோமின்மேல் பாலியெஸ்டர் ரெசின் தோல் போர்த்தியது ஒன்று. தெர்மாகோலின்மேல் எபாக்சித் தோல் போர்த்தியது மற்றொன்று. கற்றுக்கொள்பவர்கள் ஏறும் மெத்தென்ற மேற்பரப்புப் பலகை தனிக் கதை. அதற்குள்ளும் பெரும்பாலும் தெர்மாகோல்தான்.

வகை தெரியாமல் கைவைத்தால் என்ன ஆகும்? பாலியெஸ்டர் ரெசின் ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைந்திருக்கிறது. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். இரண்டும் ஒரே குடும்பம், ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். சுண்டுவிரல் அளவு ஓட்டையில் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் உள்ளே கை நுழையும் அளவுக்குக் குழி விழும். வெளியே ஒட்டு பளபளவென்று நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சூப்பர் குளூவும் தெர்மாகோலை இப்படித்தான் தின்னும். "வெயிலில் காட்டினால் இறுகும்" என்று குழாயில் விற்கும் ரெசினிலும் பாலியெஸ்டர் வகை, எபாக்சி வகை என இரண்டு உண்டு. குழாயின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் வாங்காதீர்கள்.

கண்டுபிடிப்பது எளிது. உடைந்த இடத்தில் உள்ளே எட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருப்பது தெரிந்தால் தெர்மாகோல். மாவுபோல ஒரே சீராக, தொட்டால் தூள் உதிர்ந்தால் பாலியூரித்தேன். வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருப்பதும் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? உதிர்ந்த ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஒரு சொட்டு அசிட்டோனில் போடுங்கள். கரைந்து காணாமல் போனால் தெர்மாகோல். இந்தச் சோதனையைத் துணுக்கில் மட்டுமே செய்ய வேண்டும், பலகையில் செய்யக் கூடாது.

விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எபாக்சி இரண்டு வகைப் பலகைக்கும் சேரும். பாலியெஸ்டர் தன் வகைக்கு மட்டுமே சேரும். எபாக்சித் தோலின்மேல் அது நன்றாகப் பிடிக்கவும் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் எபாக்சியை எடுங்கள். விலை கூடுதல், இறுக நேரமும் கூடுதல். ஆனால் அது பலகையைத் தின்னாது.

இரண்டாவது கேள்வி: உனக்குள் ஈரம் இருக்கிறதா?

பலகையின் தோல் மெல்லியது. பல பலகைகளில் மேற்பக்கம் இரண்டு அடுக்குத் துணி, கீழ்ப்பக்கம் ஓர் அடுக்கு, அவ்வளவுதான். அதில் தலைமுடி அளவு விரிசல் விழுந்தாலும் ஒவ்வொரு அலையும் பலகையை வளைக்கும்போது அந்த விரிசல் திறந்து மூடும், திறக்கும்போதெல்லாம் தண்ணீரை இழுக்கும். பாலியூரித்தேன் அதைக் குடித்துப் பழுப்பேறும். தெர்மாகோலில் உருண்டைகளுக்கு இடையே தண்ணீர் ஓடி, அடிபட்ட இடத்திலிருந்து எங்கோ தள்ளிப் போய்த் தங்கும். இந்த ஈரத்தின்மேல் ஒட்டினால் ரெசின் பிடிக்காது. பிடித்தாலும், வெயிலில் சூடாகும்போது உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகித் தோலை உப்ப வைக்கும். "ஒட்டின ஒட்டு ஒரே மாசத்துல பேந்து வந்துடுச்சு" என்று புலம்புவோர் ரெசினைத் திட்டுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் ஈரத்தினுடையது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிப் பிடிப்பது? கடலிலிருந்து வந்ததும் பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, துண்டால் அழுத்தித் துடையுங்கள். கால் மணி நேரம் நிழலில் வையுங்கள். மேற்பரப்பு முழுக்கக் காய்ந்த பிறகும் எங்கேயாவது ஒரு மெல்லிய ஈரக்கோடு தோன்றினால் அங்கே விரிசல். பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் கோட்டில் நீர் கசியும். உடனே பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள், மறுநாள் தேடினால் கிடைக்காது.

காய வைப்பதில்தான் ஜொகூர்க்காரருக்குச் சோதனை. அலை வரும் மாதமும் அடைமழை மாதமும் ஒன்றே. வெளியே வைத்தால் பலகை காய்வதற்குப் பதில் காற்றிலிருக்கும் ஈரத்தையும் வாங்கிக்கொள்ளும். கொளுத்தும் வெயிலில் வைத்தால் தோல் பிரியும். வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏர்கான் ஓடும் அறையின் காற்று வறண்டது. பலகையை அங்கே கொண்டுபோய், ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, ஒரு விசிறியைத் திருப்பி வையுங்கள். அதற்கு முன் ஓட்டையைச் சுற்றித் தளர்ந்து நிற்கும் ஃபைபரைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். வாய் அடைத்திருந்தால் தண்ணீர் எங்கே வெளியேறும்? எத்தனை நாள் வைப்பது என்று கேட்பார்கள். நாளை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள். பலகையைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசம்தான் பலகையின் எடை. அந்தத் தராசு துல்லியமானது இல்லை, ஆனாலும் குறைகிறதா நிற்கிறதா என்று காட்டும். எடை குறைவது நின்ற பிறகும் ஒரு டிஷ்யூத் தாளை ஓட்டைக்குள் சொருகி இரவு முழுதும் விடுங்கள். காலையில் தாள் மொறமொறவென்று இருந்தால்தான் ரெசின் டப்பாவைத் திறக்கலாம்.

அதுவரை அலையை விட மனமில்லாதவர்கள் டேப் ஒட்டலாமா? காய்ந்த பலகையில், புதிதாக விழுந்த சின்ன விரிசலுக்கு, ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் ஒட்டலாம். கரைக்கு வந்தவுடன் பிரித்துவிட வேண்டும். டேப் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதைவிட, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில் கெட்டி.

மூன்றாவது கேள்வி: அடிபட்ட இடம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும்?

பலகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உழைப்பதில்லை. மேற்பரப்பில் குதிகால் பட்டு விழும் ஆழமில்லாத பள்ளங்களை விட்டுவிடுங்கள். தோல் வெடிக்காதவரை அவற்றால் கெடுதல் இல்லை. மூக்கிலும் வாலிலும் ஓரத்திலும் விழும் ஓட்டை வீட்டில் சரிசெய்யக் கூடியது. பின்காலுக்கு அடியில் உடைந்தால் கூடுதலாக ஓர் அடுக்குத் துணி வேண்டும். துடுப்பு பொருத்தும் பெட்டி ஆடத் தொடங்கினால் யோசிக்க வேண்டும். அலையில் திரும்பும் ஒவ்வொரு முறையும் உடம்பின் பாரம் முழுக்க அந்தச் சின்னப் பெட்டியின்மேல் இறங்குகிறது, அது கோணலாக அமர்ந்தால் பலகை நேராக ஓடாது. நடுவில் குறுக்காக மடிப்பு விழுந்து, உள்ளே ஓடும் மரத்தண்டும் முறிந்திருந்தால் அது பட்டறைக்காரர் வேலை. பழகாத கைகள் அந்த இரண்டிலும் இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இப்போது ஒரே ஓர் ஓட்டையை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்துவிடுவோம். பாலியூரித்தேன் பலகை. ஓரத்தில் ஐம்பது சென் நாணயம் அகலத்துக்கு உடைந்து, விரல்நுனி ஆழத்துக்கு ஃபோம் நசுங்கியிருக்கிறது. காய்ந்துவிட்டது. வீட்டு முன்வாசல் நிழலில், காலை எட்டு மணிக்கு முன்னால், பலகையை இரண்டு முக்காலிகளின்மேல் துணி போட்டுக் கிடத்தியிருக்கிறோம்.

முதலில் மெழுகு. கால் வழுக்காமலிருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகு துளி இருந்தாலும் ரெசின் பிடிக்காது. பழைய கார்டால் சுரண்டி, அசிட்டோனில் நனைத்த துணியால் துடையுங்கள். ஓட்டையைச் சுற்றி இரண்டு விரற்கடை தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதற்குள்ளே இருக்கும் பளபளப்பு முழுதும் போகும்வரை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு மிச்சமிருக்கும் இடத்தில் ஒட்டு நிற்காது. பழுத்து நமுத்த ஃபோம் இருந்தால் வெள்ளை தெரியும்வரை சுரண்டி எடுங்கள்.

அடுத்து ரெசின் கலக்குவது. பாலியெஸ்டர் ரெசினை இறுக வைக்க அதனோடு சேர்க்கும் ஹார்டனரின் அளவு பொதுவாக 1 முதல் 2 சதவீதம். அதாவது 100 மில்லி ரெசினுக்கு 1 முதல் 2 மில்லி. குளிர்நாட்டுக்காரர் எழுதி வைத்த அளவைப் பார்த்து இரண்டு மில்லியை ஊற்றினால், 32 டிகிரி வெயிலில் நீங்கள் தூரிகையை எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே கட்டிவிடும். நம் ஊருக்கு 1 சதவீதத்தை ஒட்டி நில்லுங்கள். அதற்கும் கீழே போகாதீர்கள், போனால் உள்ளே வேகாமல் பிசுபிசுத்தே கிடக்கும். மருந்தூசிக் குழலில் அளந்து விடுங்கள், கண்ணளவு உதவாது. ஒரே சமயம் நிறையக் கலக்கவும் வேண்டாம். ரெசின் இறுகும்போது தானே சூடாகும். ஆழமான கிண்ணத்தில் நிறைய இருந்தால் புகைந்து கிண்ணமே உருகும்.

கலக்கிய ரெசினில் ஒரு பகுதியை எடுத்து, அதில் மைக்ரோபலூன் என்று விற்கும் வெள்ளைத் தூளைச் சேர்த்துக் கெட்டிச் சட்னிப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாத, உள்ளே வெறுமையான உருண்டைகளால் ஆனது. ஃபோம் இருந்த இடத்தைப் பாரம் ஏற்றாமல் நிரப்பும். வெறும் ரெசினை ஊற்றினால் குழி நிரம்பும், ஆனால் அந்த இடம் கல்லாகிவிடும். அடுத்த அடியில் கல் உடையாது, அதைச் சுற்றிய ஃபோம் உடையும். குழியைச் சற்று மேடாக நிரப்பி, இறுகியபின் ஓரத்தின் பழைய வளைவு வரும்வரை தேயுங்கள். இங்கே அவசரம் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஓரம் நெடுகத் தடவிப் பாருங்கள். கண் தவறவிடும் மேட்டையும் பள்ளத்தையும் கை கண்டுபிடிக்கும்.

பிறகு துணி. படகுக் கடையில் "மேட்" என்று துண்டிழைகளைப் பரப்பி அழுத்திய கண்ணாடியிழை கிடைக்கும். படகுக்கு அது சரி. பலகைக்கு ரெசினை அதிகம் குடித்துப் பாரமாகும். நெய்த துணி வாங்குங்கள், நாலு அவுன்ஸ் அல்லது ஆறு அவுன்ஸ். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 135 கிராம், 200 கிராம் என்று பொருள். ஒரு துண்டு ஓட்டையைவிடச் சற்றுப் பெரிதாகவும், இன்னொன்று அதைவிட ஒரு விரற்கடை பெரிதாகவும், முனைகள் இல்லாமல் வட்டமாக வெட்டுங்கள். முனை இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். சின்னதை முதலில் வைத்து, அதன்மேல் பெரியதை வைத்து, ரெசினைத் தடவிப் பழைய கார்டால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். வெள்ளைத் துணி ரெசினைக் குடித்ததும் கண்ணாடிபோலத் தெளிந்து மறைந்துவிடும். மறையாமல் வெள்ளைப் புள்ளி நின்றால் அங்கே காற்று அடைபட்டிருக்கிறது, அழுத்தி வெளியேற்றுங்கள். துணி ஊறினால் போதும், மிதக்கக் கூடாது. வலிமை தருவது துணி. ரெசின் அதைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே.

இறுகிய பிறகும் தொட்டால் பிசுபிசுக்கும். பயப்படாதீர்கள். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பாலியெஸ்டரின் மேல்தோலை முழுதாக இறுக விடாது. துணிக்குப் பயன்படுத்தும் ரெசின் அப்படித்தான் இருக்க வேண்டும், அடுத்த பூச்சு அதனோடு நன்றாகச் சேரும். கடைசிப் பூச்சுக்கு மட்டும் மெழுகு கலந்த ரெசின் வேண்டும். அந்த மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கும், பூச்சு கெட்டியாக இறுகும், தேய்க்க வரும். வாங்கும்போது கடைக்காரரிடம் "இது மெழுகு கலந்ததா, கலக்காததா?" என்று கேளுங்கள். மாற்றிப் போட்டால் அடுக்குகள் தனித்தனியாக உரியும். கடைசிப் பூச்சு இறுகியதும் 120, 220, 400 என்று தாளை மாற்றி மாற்றி, பின்னிரண்டைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும். தெரியட்டும், பலகை ஓடுவதற்குத்தான், கண்காட்சிக்கு இல்லை.

எபாக்சியில் வேலையின் வரிசை இதேதான், கணக்கு மட்டும் வேறு. பாலியெஸ்டரில் ஹார்டனர் கூடினால் வேகம் கூடும். எபாக்சியில் அந்த வித்தை செல்லாது. இரண்டுக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தால் இரண்டுக்கு ஒன்றுதான். ஹார்டனரைக் கூட்டினாலும் குறைத்தாலும் இறுகாது, ரப்பராகவே நிற்கும். ஈரக்காற்றில் சிலவகை எபாக்சியின்மேல் எண்ணெய்போல ஒரு படலம் பூக்கும். அடுத்த பூச்சுக்கு முன் அதைத் தண்ணீரால் கழுவித் தேய்த்துவிட வேண்டும்.

வெயிலில் இறுகும் ரெசின் சின்ன விரிசலுக்கு அருமையான மருந்து. நிழலில் தடவி, மேலே தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஒட்டிச் சமப்படுத்தி, வெயிலில் காட்டினால் சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் வெளிச்சம் எட்டும் ஆழம்வரைதான் அது இறுகும். ஆழமான குழியில் ஒரேயடியாக ஊற்றினால் மேலே கல், அடியில் கூழ். மெல்லிய அடுக்குகளாக ஏற்றுங்கள்.

இதுவரை பலகைக்கு என்ன நல்லது என்று பேசினேன். இனி உங்களுக்கு என்ன கெட்டது என்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது பாவம். பாலியெஸ்டருக்கான ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் மூடியைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரைத் தனியாக வாங்கினால் அதையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018இல் ஒரு படி மேலே ஏற்றியது. சாதாரணத் துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது, ரசாயன ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும். தேய்க்கும்போது பறப்பது கண்ணாடித் தூள். அதற்குத் தூசு வடிகட்டியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். எபாக்சி வாசமில்லாதது என்று வெறுங்கையால் தொடுபவர்களுக்குத் தோல் ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் தீராமல் போகலாம். சமையலறைப் பக்கமோ, பூஜை விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கமோ அசிட்டோனைத் திறக்காதீர்கள். அடுக்குமாடியில் குடியிருந்தால் தாழ்வாரத்தில் இந்த வேலை வேண்டாம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் மூச்சு உண்டு.

வேலை முடிந்து மிஞ்சும் ரசாயனத்தை என்ன செய்வது? ஜொகூரில் வாழும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 மார்ச் 7ஆம் தேதி பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். அந்த வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது லாரி அளவு, நம்முடையது கிண்ண அளவு. ஆனால் மிஞ்சிய ரெசினையும் அழுக்கு அசிட்டோனையும் சாக்கடையில் ஊற்றுகிற கை, அளவில் சின்னதாக அதே வேலையைத்தான் செய்கிறது. மிஞ்சிய ரெசினைக் கிண்ணத்திலேயே திறந்த வெளியில் இறுக விடுங்கள். கல்லான பிறகு குப்பைக்குப் போகலாம். அசிட்டோனை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, கழிவு வாங்கும் பட்டறையில் கொடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அலைச்சறுக்கு நமக்கு வந்த வெள்ளைக்காரப் பொழுதுபோக்கு, இந்தப் பலகை வேலை நம்மவர் கைக்குப் பழக்கமில்லாதது என்று சிலர் நினைக்கிறார்கள். கோவளத்துக்குப் போய்ப் பாருங்கள். சென்னைக்குத் தெற்கே இருக்கும் அந்த மீனவக் குப்பத்தில், மீனவரான மூர்த்தி மேகவன் தானாக அலையேறக் கற்று, பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு ஓர் அலைச்சறுக்குப் பள்ளியை எழுப்பினார். இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஆசியப் பதக்கம் அது. கோவளத்துப் பிள்ளைகள் வளர்வது எந்தச் சூழலில்? 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்தைப் பெருமளவில் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. ஃபைபர் படகு பாறையில் இடித்தால் கரையிலேயே கவிழ்த்துப் போட்டு, தேய்த்து, மேட்டும் ரெசினும் வைத்து ஒட்டி மறுநாள் கடலுக்கு அனுப்பும் கைகள் அந்தக் கரை முழுக்க இருக்கின்றன. பலகைக்கும் படகுக்கும் வேதியியல் ஒன்றே.

நம் கரையும் அப்படித்தான். செடிலியிலும் மெர்சிங்கிலும் மீன்பிடிப் படகுகள் நிற்கும் இடத்தில் ஃபைபர் வேலை தெரிந்த மலாய், சீன, தமிழ்க் கைகளைக் காணலாம். இணையத்தில் காணொளி பார்ப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். ரெசின் கட்டப் போகிறது என்று வாசத்தையும் கனத்தையும் வைத்துச் சொல்வதை எந்தக் காணொளியாலும் கற்றுத்தர முடியாது. அங்கேயே லிட்டர் கணக்கில் ரெசின் வாங்கினால் குழாயில் அடைத்து விற்பதைவிடப் பல மடங்கு மலிவு. நான்கு பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். திறந்த ரெசின் நம் வெக்கையில் நீண்ட நாள் தாங்காது.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பலகையை ஏன் காப்பாற்ற வேண்டும்? காசு ஒரு காரணம். இன்னொன்று, இந்தப் பலகையை மறுசுழற்சி செய்ய எளிய வழி கிடையாது. ஃபோமும் கண்ணாடியும் ரெசினும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டு, தூக்கி எறிந்த இடத்திலேயே நம் பேரன் காலம்வரை கிடக்கும். நன்றாக ஒட்டிய பலகையோ இன்னொருவருக்குப் போகும். டெசாருவில் முதன்முதலாக நிற்கப் பழகும் பிள்ளைகளில் பலர் ஏறுவது மூன்றாம் கை, நான்காம் கைப் பலகைகளில்தான்.

ஆகவே கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். பலகை செய்கிறவர்கள் ஃபோமின்மேல் நீளம், அகலம், கனம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவிட்டு மேலே ரெசின் பூசுவார்கள். உங்கள் பலகையின் நடுத்தண்டு ஓரமாகத் தேடினால் அந்த எழுத்து தெரியும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கடைசிப் பூச்சுக்கு முன், ஒட்டின்மேல் பென்சிலால் தேதியையும் "எபாக்சி" அல்லது "பாலியெஸ்டர்" என்ற ஒரு சொல்லையும் எழுதுங்கள். அடுத்து இந்தப் பலகையைத் திறக்கப் போகிறவருக்கு முதல் கேள்விக்கான விடை கையிலேயே கிடைத்துவிடும். ஈரத்தையும் பாரத்தையும் மட்டும் அவர் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பலகை கொண்டுவந்தவர்கள் முதலில் மெழுகைச் சுரண்டிவிட்டு வாருங்கள்.